‘கிங்’ என்ற சொல்லுக்கு மூலமான *குனிங்கஸ் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான். ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியில் ‘கிங்’ என்ற சொல்லைத் தேடினால், ஆதி ஜெர்மானிய மொழியின் *குனிங்கஸ் அதன் மூலம் என்று முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மொழியில் ஒரு வரிகூட எழுத்தில் கிடைத்ததில்லை என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தச் சொல் எப்படிக் கிடைத்தது? எதிலிருந்து பிறந்தது? தமிழின் ‘கோன்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டா? ‘க்வீன்’ இதன் பெண்பாலா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லின் வடிவம் ஏறக்குறைய உறுதி. குலத்தைக் குறித்த ஒரு சொல்லிலிருந்துதான் அது பிறந்தது என்பதும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆதி ஜெர்மானியம் பேசியவர்கள் ‘நாட்டை ஆளும் அரசன்’ என்ற பொருளில்தான் அதைச் சொன்னார்களா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பிறப்பைக் குறித்த சொல்லாக இருந்து, பிறகுதான் பதவியின் பெயராக மாறியிருக்க வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீளமான பதில்.

ஆதி ஜெர்மானியம் என்பது ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், ஐஸ்லாண்டிக், அழிந்துபோன கோத்திக் எல்லாவற்றுக்கும் தாய்மொழி. கி.மு. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் தென் ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் பேசப்பட்டது என்பது பொதுவான கருத்து. பேசியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் அதன் சொற்களைப் பெறுகிறோம். ‘இது ஏட்டில் கண்டதல்ல, ஒப்பிட்டு வருவித்தது’ என்று வாசகருக்குச் சொல்வதுதான் அந்த நட்சத்திரத்தின் வேலை. 19-ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மன் மொழியியலாளர் அதை வழக்கமாக்கினார். ஆனால் எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே எடை கிடையாது. சில நட்சத்திரச் சொற்கள் ஊகத்துக்கு மிக அருகில் இருப்பவை. சில, கல்லில் வெட்டியதைப் படித்தது போல நம்பத்தக்கவை. *குனிங்கஸ் இரண்டாவது வகை.

மகள் மொழிகளை வரிசையாகப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் க்யூனிங், பழைய சாக்சனிலும் பழைய உயர் ஜெர்மனிலும் குனிங், டச்சில் கோனிங், பழைய நோர்ஸில் (ஸ்காண்டிநேவிய மொழிகளின் பழைய வடிவம்) கோனுங்ர். பழைய ஆங்கிலத்தில் முதல் உயிரொலி ஏன் உதட்டைக் குவித்த இகரமாகிவிட்டது? அடுத்த அசையில் இருக்கும் இகரம் முன்னால் உள்ள உகரத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. அந்தக் குவிந்த ஒலி பின்னர் வெறும் இகரமாகி, நடுவில் இருந்த அசையும் தேய்ந்து, ‘கிங்’ மிஞ்சியது. ஜெர்மனில் இதே இழுப்பு சற்றுத் தாமதமாக நடந்து, குனிங் க்யூனிக் ஆகி, இன்றைய க்யோனிக் ஆனது. நோர்ஸில் விகுதியே ‘-இங்’ அல்ல, ‘-உங்’. இழுக்க இகரம் இல்லாததால் அங்கே அந்த மாற்றம் நடக்கவில்லை. ஆக முன்பகுதி *குனிங்க்- என்பது இவற்றை வைத்தே வந்துவிடுகிறது.

அப்புறம் அந்த ‘-அஸ்’? மேலே சொன்ன மொழிகளில் எதிலும் அது முழுதாக இல்லை. நோர்ஸின் கடைசி ‘ர்’ மட்டும் அதன் எச்சம். (அந்தக் கடைசி ஒலி நாம் சொல்லும் ‘ஸ்’ அல்ல. ஜீப்ராவை ஆங்கிலத்தில் சொல்லும்போது முதலில் வரும் அதிரும் ஒலி. தமிழ் எழுத்தில் அதற்கு வழி இல்லாததால் ‘ஸ்’ என்றே எழுதுகிறேன்.) இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒன்று ரூனிக் எழுத்து, அதாவது ஜெர்மானிய மக்கள் கல்லிலும் உலோகத்திலும் பொறித்த பழைய எழுத்துமுறை. டென்மார்க்கின் கல்லேஹுஸ் என்ற இடத்தில் 1639-இலும் 1734-இலும் இரண்டு தங்கக் கொம்புகள் கிடைத்தன. இரண்டாவதில், ஏறத்தாழ கி.பி. 400 அளவில் பொறிக்கப்பட்ட ஒரு வரி இருந்தது: ‘எக் ஹ்லெவகஸ்திஸ் ஹோல்தியஸ் ஹோர்ன தவிதோ’. ‘ஹோல்தியஸ் ஆகிய ஹ்லெவகஸ்திஸ், நான் இந்தக் கொம்பைச் செய்தேன்’ என்று பொருள். பெயர்களின் இறுதியில் அந்த ‘-இஸ்’, ‘-அஸ்’ அப்படியே நிற்கின்றன. 1802-இல் கொம்புகளைத் திருடி உருக்கிவிட்டார்கள் என்பது இத்துறையில் உள்ள எல்லோருக்கும் இன்றுவரை மனதை வருத்தும் செய்தி. நல்லவேளையாக அதற்கு முன்பே வரைந்து வைத்த படங்கள் இருந்தன.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது: பின்னிஷ் மொழி. பின்னிஷ் ஜெர்மானிய மொழியே அல்ல. ஜெர்மானியம், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலும் சேராது. ஆனால் அரசனுக்கு அவர்கள் இன்றும் சொல்லும் சொல் ‘குனிங்கஸ்’. நட்சத்திரம் இல்லாமல், உயிரோடு, செய்தித்தாளில் அச்சாகும் சொல். எஸ்தோனியனிலும் அதே வடிவம்தான். பால்டிக் கடலோரத்தில் அண்டையில் வாழ்ந்த காலத்தில் கடன் வாங்கியது. கொடுத்த மொழிகளில் சொல் தேய்ந்து தேய்ந்து ஓரசையாகிவிட, வாங்கியவர்கள் அதைக் கிட்டத்தட்ட மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

இது தற்செயல் அல்ல என்பதற்கு அதே பாணியில் பல சொற்கள் இருக்கின்றன. வளையத்துக்கு பின்னிஷில் ரெங்கஸ். ஆதி ஜெர்மானியத்தில் *ஹ்ரெங்கஸ், ஆங்கிலத்தில் ரிங். அழகானதற்கு கௌனிஸ், மூலம் *ஸ்கௌனிஸ், ஜெர்மனில் இன்று ஷ்யோன். சொல்லின் முதலில் மெய்கள் கூட்டாக வந்தால் பழைய பின்னிஷ் ஏற்காது, முன்னால் உள்ளதைக் கழற்றிவிடும். தமிழும் அப்படிப்பட்ட கூட்டொலியை ஏற்பதில்லை. ஆனால் நாம் கழற்றுவதற்குப் பதில் இடையில் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துப் ‘பிரமன்’, ‘கிராமம்’ என்று பிரித்துக்கொள்கிறோம்.

‘பின்னிஷ்காரர்கள் தாங்களாகவே -அஸ் சேர்த்திருக்கலாமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிற்காலத்தில் ஸ்வீடிஷ் வழியாக வந்த கடன்சொற்களில் அவர்கள் பொதுவாகச் சேர்ப்பது ‘-இ’. பேரரசனுக்கான சொல்லைப் பாருங்கள்: கெய்சரி. குனிங்கஸும் கெய்சரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதே எது பழைய சரக்கு, எது புதியது என்பது தெரிந்துவிடுகிறது. ஸ்காண்டிநேவியாவில் அந்த ‘-அஸ்’ 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் உதிர்ந்துவிட்டது. ஆகவே கடன் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும். இந்த ஆராய்ச்சியை முறையாகத் தொடங்கிவைத்தது டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன், 1869-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு.

இங்கே ஓர் எச்சரிக்கை. லித்துவேனிய மொழியில் ‘குனிகஸ்’ என்று ஒரு சொல் உண்டு. அதையும் சிலர் சாட்சியாகக் காட்டுவார்கள். ஆனால் லித்துவேனியனில் ஆண்பால் பெயர்களின் வழக்கமான இறுதியே ‘-அஸ்’தான், வெளியிலிருந்து எது வந்தாலும் ஒட்டிவிடுவார்கள். அதனால் அந்த ‘-அஸ்’ எதையும் நிரூபிக்காது.

சரி, சொல் கிடைத்தது. அதன் வேருக்கு வருவோம்.

*குனிங்கஸ் இரண்டு துண்டு: *குன்(ய)- என்ற பகுதி, ‘-இங்கஸ்’ என்ற விகுதி. *குன்ய- என்றால் குலம், வம்சம். கோத்திக்கில் ‘குனி’, ஆங்கிலத்தில் ‘கின்’. இதற்கும் முந்திய ஆதி இந்தோ-ஐரோப்பிய வேர் ‘பிறப்பித்தல்’ என்ற பொருளுடையது. லத்தீனில் ‘கெனுஸ்’, கிரேக்கத்தில் ‘கெனோஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ஜனஸ்’ எல்லாம் அதன் கிளைகள். சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த சனம், ஜனனம், ஜன்மம், சாதி ஆகியவையும் அதே வேர்தான். ‘ஜனம்’ என்ற சொல்லும் ‘கிங்’ என்ற சொல்லும் மிகத் தொலைவில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

லத்தீனில் ‘காந்தி’யின் க, ஜெர்மானியத்தில் ‘கடல்’-இன் க. இது ஏன்? டேனிஷ் அறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் 1818-இலும் யாகோப் கிரிம் 1822-இலும் விளக்கிய ஒலிமாற்ற விதிதான் காரணம். பழைய அதிரும் க ஜெர்மானியத்தில் அதிராத க ஆகும், விதிவிலக்கின்றி. முழங்காலுக்கு லத்தீனில் ‘கெனு’, சமஸ்கிருதத்தில் ‘ஜானு’, ஆங்கிலத்தில் ‘நீ’ (knee). இன்று மௌனமாகிவிட்ட அதன் முதல் க ஒரு காலத்தில் ஒலித்தது. அறிதலுக்கு லத்தீனில் ‘க்னோ-’, சமஸ்கிருதத்தில் ‘ஞா-’ (நம் ‘ஞானம்’ அதிலிருந்து), ஆங்கிலத்தில் ‘நோ’ (know), அதிலும் க ஒலித்தது. ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்துவது விதியாகாது. இப்படி வரிசையாகப் பொருந்தினால்தான் நம்புவோம்.

நடுவில் உள்ள உகரத்துக்கும் விதி உண்டு. வேரின் எகரம் மறைந்து, ‘ன்’ மட்டுமே அசையாக நிற்கும் வடிவங்கள் பழைய மொழியில் இருந்தன. அப்படி நிற்கும் ‘ன்’ ஜெர்மானியத்தில் எப்போதும் ‘உன்’ ஆகும். எதிர்மறை முன்னொட்டையே பாருங்கள்: சமஸ்கிருதத்தில் ‘அ-’ (அநீதி, அதர்மம்), லத்தீனில் ‘இன்-’, பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘உன்-’. எல்லாம் அந்த ஒரு ‘ன்’ வளர்ந்த விதம்.

அடுத்து விகுதி. ‘-இங்’ என்பது ‘இன்னாரைச் சேர்ந்தவன்’, ‘இன்னார் வழிவந்தவன்’ என்று காட்டும். பழைய ஆங்கில ஆண்டுக் குறிப்பில் 547-க்கு நேராக, வட இங்கிலாந்தின் நார்தம்பிரியாவில் ஐடா அரசனான செய்தி வருகிறது. அங்கே அவன் தந்தைவழியை எழுதும்போது ‘ஐடா எயோப்பிங்’ என்கிறார்கள்: எயோப்பாவின் மகன் ஐடா. மெரோவிங்கியர், கரோலிங்கியர் என்ற பிராங்க் வம்சப் பெயர்களிலும் இதுவே. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ், ரெடிங் போன்ற ஊர்ப்பெயர்களும் ஒரு தலைவனின் ஆட்கள் குடியேறிய இடங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ஏதலிங்’ என்றால் இளவரசன். ‘ஏதல்’ என்றால் உயர்குடி.

ஆக *குனிங்கஸ் = குலத்தின் வழிவந்தவன். இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. குலம் இல்லாதவன் யார்? எல்லோரும் ஏதோ ஒரு குலத்தில் பிறந்தவர்கள்தானே. அரசனை மட்டும் எப்படி அது குறிக்கும்?

இரண்டு பதில்கள் உண்டு. முதல் பதில், ‘குலம்’ என்றாலே ‘நல்ல குலம்’ என்று பொருள் சுருங்கிவிட்டது என்பது. இது மொழிகளில் அடிக்கடி நடப்பது. லத்தீனில் ‘கென்ஸ்’ என்றால் குலம், இதே வேர்தான். அதிலிருந்து வந்த ‘ஜென்டில்’ நற்குடிப் பிறந்தவன் என்றாகி, பிறகு ‘ஜென்டில்மேன்’ வரை வந்தது. பழந்தமிழில் ‘இற்பிறந்தார்’ என்றால் நேர்ப்பொருள் வீட்டில் பிறந்தவர்; ஆனால் குறிப்பது உயர்குடியினரை. ‘குடிப்பிறந்தார்’ என்பதும் அப்படியே. ஆகவே இந்த வழி இயல்பானது.

இரண்டாவது பதில், அடிச்சொல் *குன்ய- அல்ல, *குனிஸ் என்று ஒரு மனிதனையே குறித்த சொல் என்பது. நோர்ஸில் ‘கோன்ர்’ என்றால் உயர்குடி மகன், வழித்தோன்றல். அப்படியானால் *குனிங்கஸ் என்பது ‘உயர்குடியானின் மகன்’. பழைய ஆங்கிலத்தில் ‘க்யூனெ-’ என்ற முன்சொல் தனியாகவே ‘அரச’ என்ற பொருள் தந்தது. ‘க்யூனெஹெல்ம்’ என்றால் கிரீடம். ‘-இங்’ சேராமலே இந்தப் பொருள் வருவதால் இரண்டாவது பதிலுக்கும் வலு இருக்கிறது. நான் சற்றே இதன் பக்கம் சாய்கிறேன்: ‘-இங்’ விகுதி ஐடாவின் பெயரில் போல ஒரு மனிதனோடு ஒட்டும்போது மிக இயல்பாக இருக்கிறது. எதை எடுத்தாலும் சொல் பேசுவது பிறப்பைப் பற்றி. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

இதோடு ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதியதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜெர்மானியர்கள் அரசர்களைக் குலச்சிறப்பு பார்த்தும் படைத்தலைவர்களை வீரம் பார்த்தும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார். சொல்லின் கட்டமைப்பு சொல்வதையே வெளியாள் ஒருவரும் கண்டு எழுதியிருக்கிறார்.

ஆனால் கோத்திக் மொழி வேறு கதை சொல்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் பிஷப் வுல்ஃபிலா பைபிளை கோத்திக்கில் மொழிபெயர்த்தார். ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைத்த முதல் பெரிய நூல் அதுதான். அதன் புகழ்பெற்ற பிரதி, ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதியது, ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. அரசன் என்று வரும் இடங்களில் வுல்ஃபிலா குனிங்கஸின் கோத்திக் வடிவத்தை எழுதவே இல்லை. அவர் எழுதியது ‘தியுதன்ஸ்’.

தியுதன்ஸ், *தெயுதோ என்ற சொல்லிலிருந்து வந்தது. மக்கள் கூட்டம் என்று பொருள். ஜெர்மானியர்கள் தங்களை ‘டாய்ட்ச்’ என்று அழைப்பதும், ஆங்கிலத்தின் ‘டச்சு’ம் அதன் வழிதான். மக்களின் தலைவன் தியுதன்ஸ். லத்தீனில் வீட்டுக்கு ‘தோமுஸ்’, வீட்டின் தலைவன் ‘தோமினுஸ்’. அதே னகர விகுதி. அதே அச்சில் வார்த்த இன்னொரு சொல் *த்ருஹ்தினஸ், போர்க்குழுவின் தலைவன். இதையும் பின்னிஷ் ‘ருஹ்தினஸ்’ என்று காப்பாற்றி வைத்திருக்கிறது; இன்றைய பொருள் சிற்றரசன். மூன்றாவதாக *ரீக்ஸ். இது கெல்டிக் மொழியிலிருந்து (ஜெர்மானியர்களின் அண்டையில் வாழ்ந்த கெல்டியர்களின் மொழி) வாங்கியது. லத்தீனில் ‘ரேக்ஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ராஜ்’. இவற்றின் நெடில் ஏகாரம் ஈகாரமாவது கெல்டிக்கின் வழக்கம், ஜெர்மானியத்தின் வழக்கம் அல்ல. சீசரை எதிர்த்த, ‘கால்’ (இன்றைய பிரான்ஸ்) நாட்டுத் தலைவன் வெர்சிங்கெட்டோரிக்ஸின் பெயரில் கடைசியில் இருப்பது இதே சொல். ஜெர்மனின் ‘ரைஹ்’, ஆங்கிலத்தின் ‘ரிச்’ எல்லாம் அதன் பிள்ளைகள்.

மக்களின் தலைவன், படையின் தலைவன், ஆள்பவன். மூன்று சொல்லும் ஒருவன் செய்யும் வேலையைச் சொல்கின்றன. குனிங்கஸ் மட்டும் அவன் யாருக்குப் பிறந்தான் என்கிறது. கோத்திக்கில் அது இல்லாததையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், ஆதி ஜெர்மானியத்தில் அரசனுக்கு உரிய பழைய சொல் தியுதன்ஸின் முன்வடிவம்தான் என்று நினைக்கிறேன். *குனிங்கஸ் உயர்குடிப் பிள்ளை என்ற அளவில் வழங்கியிருக்கலாம். பிறகு மேற்கிலும் வடக்கிலும் பதவி குறிப்பிட்ட குடும்பங்களுக்குள்ளேயே நின்றபோது, குடும்பத்தைக் குறித்த சொல்லே பதவிக்கும் பெயராகியது. தியுதன்ஸின் உறவுகள் பழைய ஆங்கிலத்திலும் நோர்ஸிலும் பெரும்பாலும் செய்யுள் வழக்காக ஒதுங்கிவிட்டதும் இதற்குப் பொருந்துகிறது. கோத்திக்கில் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் பைபிளின் பகுதிகள் மட்டுமே என்பதால் ‘அவர்களிடம் அந்தச் சொல்லே இல்லை’ என்று முடிவு கட்ட மாட்டேன்.

சொல் கிழக்கேயும் போனது. ரஷ்யனில் ‘க்ன்யாஸ்’ என்றால் இளவரசன். ஆனால் போலிஷில் ‘க்ஷோன்ட்ஸ்’ என்றால் பாதிரியார். மேலே சொன்ன லித்துவேனிய ‘குனிகஸ்’-உம் இன்று பாதிரியார்தான். பிரபுவுக்குச் சொன்ன மரியாதைச் சொல் மதகுருவுக்கு இறங்கிவந்துவிட்டது. லட்வியனில் ‘குங்ஸ்’ என்றால் ‘ஐயா’ என்பது போல. அரசனுக்கு ஸ்லாவியர்கள் வேறு சொல் தேடிக்கொண்டார்கள்: போலிஷில் ‘க்ரூல்’, ரஷ்யனில் ‘கரோல்’. பிராங்க் பேரரசன் சார்லமேனின் ‘கார்ல்’ என்ற பெயரே அது.

இனி தவறான விளக்கங்கள். இவற்றில் பழமையானது நோர்ஸ்காரர்களுடையதே. ‘ரீக்ஸ்தூலா’ என்ற பாடலில் யார்ல் என்பவனின் கடைசி மகன் பெயர் ‘கோன்’. அவன் இளையவன் என்பதால் ‘கோன்ர் உங்ர்’. சேர்த்துச் சொன்னால் கோனுங்ர், அரசன். அழகான சொல்விளையாட்டு, ஆனால் ‘உங்’ என்பது விகுதி, ‘இளைய’ என்ற சொல் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல், ‘முடியும்’ என்று பொருள்தரும் ‘கேன்’ என்ற சொல்லோடு சேர்த்து, ஆற்றல் உள்ளவனே கிங் என்றார். அது இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. ஆனால் ‘கேன்’ மேலே சொன்ன ‘ஞானம்’ வேரிலிருந்து வந்தது. பழைய வடிவங்களில் அதற்கு இரட்டை ‘ன்ன்’, குனிங்கில் ஒற்றை ‘ன்’. இரண்டும் கலக்கவே இல்லை. துருக்கிய ‘கான்’ பட்டமும் வேறு.

‘கோன்’ பற்றி. இதை நம்மவர்கள் பலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள், அதனால் முறையாகவே சொல்கிறேன்: உறவு இல்லை. இரண்டு சொல் உறவா என்று பார்க்க, கிடைத்த மிகப் பழைய வடிவத்தைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். ‘கோன்’ போல ஒலிப்பது ஜெர்மனின் இன்றைய க்யோனிக். அதன் ஓகாரச் சாயல் இடைக்காலத்தின் பின்பகுதியில் வந்தது. பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை குறைகிறது. இன்னொன்று, தமிழில் வேர் ‘கோ’. கோன், கோமான், கோயில் எல்லாம் அதிலிருந்து. கோனில் ‘ன்’ ஆண்பால் விகுதி. *குனிங்கஸில் ‘ன்’ வேரின் உயிர்நாடி. அதை எடுத்தால் கின், கெனுஸ், ஜனம் எதுவுமே நிற்காது. கோவின் பழமைக்குச் சங்கப் பாடல்களே சாட்சி, ‘கிங்’ வந்து சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக க்வீன். இது கிங்கின் பெண்பால் அல்ல, தனிச் சொல். ஆதி ஜெர்மானியத்தில் *க்வேனிஸ், ‘பெண், மனைவி’. கிரேக்கத்தில் பெண்ணுக்கு ‘குனே’. மருத்துவமனைப் பலகையில் பார்க்கும் கைனகாலஜி அதிலிருந்து. சமஸ்கிருதத்தில் ‘ஜனி’, பாரசீகத்தில் ‘ஸன்’. கோத்திக்கில் ‘க்வேன்ஸ்’ சாதாரண மனைவிதான். ஆங்கிலத்தில் அரசனின் மனைவி என்று உயர்ந்தது. ஸ்வீடிஷில் ‘க்வின்னா’ இன்றும் வெறும் பெண். ஜெர்மன் தன் அரசனுக்கே விகுதி சேர்த்து க்யோனிகின் என்றது. பின்னிஷும் அப்படித்தான்: குனிங்கஸோடு ‘-தர்’ சேர்த்து குனிங்கதர். அந்த ‘-தர்’, மகளைக் குறிக்கும் அவர்களுடைய ‘த்யுத்தர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அது பால்டிக் மொழியிலிருந்து வாங்கிய கடன், ஆங்கில ‘டாட்டர்’ அதன் உறவு.